வானத்தைப் பதிப்பிக்க ஒரு மென்பொருள்

நன்னிலம் வட்டாரத்தில் வானம் முழுமையாகத் திறந்திருக்கும் இரவுகள் ஆண்டில் அதிகம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. மார்கழியில் மேகம் விலகினாலும், வயல்களின் ஈரமும் பனியும் சேர்ந்து கேமராவின் கண்ணாடியை மூடிவிடும். சம்பா அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும் தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களே விண்மீன் பார்ப்பவர்களுக்கு வாய்த்தவை. ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் நாம் இருப்பதால், மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரியன் கூட்டம் நம் உச்சிக்கு அருகிலேயே கடந்து செல்கிறது. துருவ விண்மீனோ வடக்கே பதினொரு பாகை உயரத்தில், பெரும்பாலும் ஏதேனும் ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இந்தக் கட்டுரை வானத்தைப் பற்றியது அன்று. வானத்தைப் படம் பிடித்தபின் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது. அந்த வேலைக்கு நம் கைக்கு எட்டும் விலையில் எந்த மென்பொருள் உகந்தது என்பது என்னிடம் பலர் கேட்கும் கேள்வி. தமிழிலக்கியம் படித்து அதையே கற்பித்துக் கொண்டிருப்பவனிடம் இதைக் கேட்பது பொருத்தமா என்று சிலருக்குத் தோன்றலாம். பொருத்தம்தான் என்பதே என் கட்சி.

என்னிடம் இருக்கும் கருவிகள் எளியவை. திருமணப் படங்கள் எடுக்கும் ஒருவர் புதிய கேமராவுக்கு மாறியபோது விற்ற பழைய 18 மெகாபிக்சல் கேமரா, ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு முக்காலி. பூமியின் சுழற்சியைப் பின்தொடரும் மோட்டார் கிடையாது. எனவே நான்கைந்து நொடிகளுக்கு மேல் ஒளியை உள்ளே விட்டால் விண்மீன்கள் புள்ளிகளாக நிற்காமல் கோடுகளாக இழுபட்டுவிடும். செய்யக்கூடியது ஒன்றுதான்: நான்கு நொடிப் படங்களை இருநூறு எடுப்பது. அவற்றுள் ஏதேனும் ஒன்றைத் திரையில் திறந்து பார்த்தால் கருமையும், சில புள்ளிகளும், மணல் தூவியதுபோன்ற இரைச்சலும்தான் இருக்கும். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவிலிருக்கும் ஓரியன் நெபுலா அதனுள் ஒரு மங்கிய கறையாகவே தெரியும்.

படத்தைத் திருத்துவது என்றவுடன் நம்மூரில் எவருக்கும் நினைவுக்கு வருவது போட்டோஷாப். அமெரிக்கச் சகோதரர்களான தாமஸ் நோல், ஜான் நோல் இருவரும் உருவாக்கி 1990-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அது. மணமக்களைச் சுவிட்சர்லாந்துப் பனிமலைமுன் நிறுத்திவைத்த பெருமை நம் சிற்றூர் ஸ்டுடியோக்களில் அதற்கு உண்டு. 2013-இல் அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டணம் நின்றால் கருவியும் நின்றுவிடும். இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் சிரித்தார். "எதுக்கு சார் காசு குடுத்து வாங்கணும்? பென்டிரைவ் கொண்டாங்க, கிராக் பண்ணினது ஏத்தித் தர்றேன்" என்றார். அவருடைய அன்பில் ஐயமில்லை. ஆனால் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டிய ஒன்றைத் திருட்டுப் பிரதியிலிருந்து தொடங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு, இந்த வேலைக்கு உண்மையில் என்ன தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தால் போட்டோஷாப் கட்டாயமே அல்ல.

தேவைகள் நான்கு. முதலாவது, இருநூறு படங்களையும் விண்மீன்களைக் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்குவது. இரண்டாவது, தெருவிளக்குகளால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருப்பதைச் சமன்செய்வது. மூன்றாவது, இருளில் புதைந்திருக்கும் மங்கிய ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரிப்பது. நான்காவது, நிறத்தைச் சரிசெய்வது.

மூன்றாவது வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேமராவின் ரா கோப்பு 14 பிட் என்றால், கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 16,384 படிகள் இருக்கின்றன. வழக்கமான ஜேபெக் படத்தில் 256 படிகளே. தோராயமாகச் சொன்னால், அறுபத்துநான்கு படிகள் ஒன்றாக நசுங்கிவிடுகின்றன. பகல்நேரப் படத்தில் இந்த இழப்பு தெரியாது. நெபுலாவின் ஒளி முழுவதும் அடித்தளத்துச் சில படிகளுக்குள் அடங்கியிருப்பதால், இங்கே அது பெரிய இழப்பு; விரிக்கும்போது மென்மையான மங்கலுக்குப் பதில் திட்டுத்திட்டான பட்டைகள்தான் எழும். ஆகவே 16 அல்லது 32 பிட்டில் இயங்காத எந்த மென்பொருளும் இதற்கு ஆகாது.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் நெடுங்காலம் இந்த ஒரு காரணத்தாலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய மென்பொருள் அது. 2018 ஏப்ரலில் வந்த 2.10 பதிப்பில்தான் 32 பிட் வரை கையாளும் திறன் பெற்றது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், மூலப்படத்தை மாற்றாமலேயே விளைவுகளை அதன்மேல் ஏற்றவும் பின்னர் நீக்கவும் வழி பிறந்தது. அஃபினிட்டி போட்டோ என்னும் பிரித்தானிய மென்பொருள் 2021-இல் வந்த 1.9 பதிப்பிலேயே வானியல் படங்களை அடுக்கும் வசதியைச் சேர்த்திருந்தது. அதை 2024-இல் கான்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. பிக்ஸ்இன்சைட் வானியலுக்கென்றே ஸ்பெயினில் உருவானது. அந்தத் துறையில் ஊறியவர்கள் போற்றுவது. ஒருமுறை கட்டணம்தான் என்றாலும் நம் பணத்தில் இருபதாயிரத்தைத் தாண்டும். டீப்ஸ்கைஸ்டேக்கர் இலவசம், அடுக்குவதில் வல்லது. நிலவையும் கோள்களையும் வீடியோவாக எடுத்துக் கூர்மையான சட்டகங்களை மட்டும் தேர்ந்தடுக்க ஆட்டோஸ்டேக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் என இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. இவை எல்லாவற்றையும் பார்த்தபின் நான் தங்கிய இடம் சிரில். பிரெஞ்சு ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த கட்டற்ற மென்பொருள் அது. அடுக்குதல், சமன்செய்தல், விரித்தல், நிறம் ஆகிய நான்கையும் அதுவே செய்யும். இறுதி மெருகுக்கு மட்டும் கிம்ப்.

விலை பூஜ்யம் என்பதால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கேதான் தமிழ்ப் படிப்பு குறுக்கே வருகிறது.

உ.வே.சாமிநாதையர் 1880 முதல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில்தான் சீவகசிந்தாமணிப் பதிப்பு உருவாகி 1887-இல் அச்சேறியது. அவர் செய்தது என்ன? ஒரே நூலின் ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார், ஒப்பிட்டார். ஒருவர் பெயர்த்தெழுதுகையில் நேர்ந்த பிழை இன்னொருவர் பிரதியில் அதே இடத்தில் நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. பிழைகள் சிதறுகின்றன, பாடம் நிலைக்கிறது. படங்களை அடுக்கும் கணக்கும் இதுவே. ஒவ்வொரு படத்திலும் இரைச்சல் வெவ்வேறு இடத்தில் விழுகிறது, விண்மீன் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. நூறு படங்களின் சராசரியில் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இருநூறு என்றால் பதினான்கில் ஒரு பங்கு. இந்த ஆதாயத்தை மேலும் இரு மடங்காக்க வேண்டுமானால் நான்கு மடங்கு படங்கள் வேண்டும்.

ஒப்புமை இத்துடன் முடிவதில்லை. எல்லாப் பிரதிகளிலும் ஒரேபோல் இருக்கும் பிழையை ஒப்பிடுவதால் மட்டும் நீக்க இயலாது. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டுவதில்லை. எத்தனை ஏடுகளைச் சேர்த்தாலும் இந்தக் குறை நீடிக்கும். எழுதும் வழக்கத்தை அறிந்தவரே அதைக் களைய முடியும். கேமராவுக்கும் அதுபோன்ற வழக்கங்கள் உண்டு. அதன் உணர்பரப்பில் சில புள்ளிகள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். லென்ஸின் ஓரங்கள் எப்போதும் சற்று இருண்டிருக்கும். இவற்றை அறிய, லென்ஸை மூடிக்கொண்டு அதே நான்கு நொடியில் இருபது படங்களும், விடிந்தபின் லென்ஸின்மேல் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துப் பிடித்து இருபது படங்களும் எடுத்துக்கொள்கிறோம். சிரில் முன்னவற்றைக் கழித்தும் பின்னவற்றால் வகுத்தும் கேமராவின் வழக்கத்தை நீக்கிவிடுகிறது.

ஒளியை விரிப்பதற்கும் சுவடி உலகில் இணை உண்டு. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து எளிதில் தெரியாது. மை தடவித் துடைத்தால் கீறலுக்குள் மை தங்கி எழுத்து எழுந்து நிற்கும். மை எழுத்தை உண்டாக்குவதில்லை; இருப்பதைக் காட்டுகிறது.

பெரும்பான்மைப் பாடமே சரியான பாடம் என்று நல்ல பதிப்பாசிரியர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு கொள்வதில்லை. சில வேளை ஒரே ஒரு ஏடுதான் உண்மையைக் காப்பாற்றி வைத்திருக்கும். மென்பொருளுக்கு இந்த ஐயம் கிடையாது. இருநூறில் ஒரு படத்தில் மட்டும் காணப்படும் எதையும் அது தள்ளிவிடும். விமானமோ செயற்கைக்கோளோ இழுத்த கோடு என்றால் நல்லது. ஆனால் எரிகல் ஒன்றின் கீற்றும் ஒரே படத்தில்தான் இருக்கும், அதுவும் தள்ளப்படும். அடுக்குவதற்குமுன் இருநூறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான். அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு மாணவி, ஓரியனின் தோளுக்கருகே மெல்லிய பச்சைக் கீற்று ஒன்றைக் கண்டெடுத்தாள். அந்தப் படத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.

அவளே பிறகு ஒரு கேள்வியும் கேட்டாள். அடுக்கி விரித்த படத்தில் வாளின் நடுவே இளஞ்சிவப்பாக நெபுலா எழுந்து வந்தபோது, "ஐயா, இது நெசமாவே மேல இருக்கா? இல்ல கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்ததா?" என்றாள். இந்தத் துறையில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். படத்தைக் கல்லூரியில் காட்சிக்கு வைக்க முடிவாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னர் ஒரு மாணவர் தம் கைபேசியில் எடுத்த நிலவுப் படத்தைக் கொண்டுவந்தார். பள்ளங்கள், சமவெளிகள், ஒளிக்கீற்றுகள் எல்லாம் துலக்கமாக இருந்தன. எங்கள் ஓரியன் அதன் பக்கத்தில் சோகை பிடித்ததுபோல் நின்றது. "ஐயா, நம்ம படத்தையும் அந்த மாதிரி ஒரு ஆப்ல போட்டு எடுத்துடலாமா? யாருக்கும் தெரியாது" என்றார் அவர். "யாருக்கும் தெரியாதுப்பா. ஆனா யாரும் சரிபார்க்கவும் முடியாதே" என்றேன்.

2023 மார்ச்சில் நடந்த ஒன்றை அவர்களுக்குச் சொன்னேன். ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே சிறிதாக்கி, நுணுக்கங்கள் எல்லாம் அழியும்படி மங்கலாக்கித் தம் கணினித் திரையில் வைத்தார். இருட்டறையில் சற்றுத் தொலைவிலிருந்து அந்தத் திரையைச் சாம்சங் கைபேசியால் படமெடுத்தார். திரையில் இல்லாத நுணுக்கங்கள் கைபேசியின் படத்தில் தோன்றின. நிலவை அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவு நுணுக்கங்களை மேம்படுத்துகிறது என்று அந்நிறுவனமும் விளக்கம் தந்தது. நிலவில் அந்தப் பள்ளங்கள் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் படத்துக்குள் அவை வானத்திலிருந்து வரவில்லை. நம் துறையில் இதற்குப் பெயர் உண்டு: இடைச்செருகல். செருகியவர் நல்ல கவிஞராக இருக்கலாம். செருகல் பொருத்தமாகவும் இருக்கலாம். அது மூல ஆசிரியர் வாக்கு ஆகாது.

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1894-இல் அதைப் பதிப்பித்த ஐயருக்கு அந்த இடங்களை நிரப்பும் புலமை இல்லாமலா போயிற்று? மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், விருத்தமும் அகவலும் சரளமாக எழுதக்கூடியவர். ஆனாலும் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காதபோது எட்டுப் பத்துகளையே அச்சிட்டார். இன்று நாம் புறநானூற்றை நம்பி ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுகிறோமென்றால், அந்த வெற்றிடங்கள் தரும் நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே மென்பொருளைத் தேர்வதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல், அது செய்ததைச் சொல்கிறதா என்பதுதான். வானியலாளர்கள் 1981 முதல் கையாண்டுவரும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவத்தில், படத்தின் தலைப்பிலேயே அதன் வரலாற்றை எழுதிவைக்க ஓர் இடம் உண்டு. சிரில் தான் செய்யும் வேலைகளை அங்கே குறித்துக்கொண்டே போகிறது. அதன் செய்முறைகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். எங்கள் மூலப்படங்களில் அதை ஓட்டினால் அவருக்கும் அதே படம் கிடைக்கும். வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துச் சுவடிகளை எண்முறையில் காப்பதற்கு இதே ஃபிட்ஸ் வடிவத்தைத் தேர்ந்துகொண்டது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

இலவசம், கட்டற்றது என்னும் இரு சொற்களையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. அஃபினிட்டி இன்று இலவசம்; நாளை அந்த நிறுவனம் மனம் மாறினால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சிரில், கிம்ப் ஆகியவற்றின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. படத்தின் ஒரு புள்ளிக்கு என்ன நேர்ந்தது என்று விடாப்பிடியாகக் கேட்பவர், அதைப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸிலும் இவை இயங்கும் என்பது பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்களுக்குக் கூடுதல் நன்மை.

செலவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 18 மெகாபிக்சல் படம் ஒன்று மூன்று நிறங்களாக 32 பிட்டில் விரியும்போது 216 எம்பி ஆகும். இருநூறு படங்களுக்கு 43 ஜிபி. ஒவ்வொரு படிநிலையிலும் புதிய கோப்புகள் பிறக்கும். 16 பிட்டில் வைத்துக்கொண்டால் பாதியாகக் குறையும். மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தை வன்தட்டுக்குக் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. பழைய கணினியில் அடுக்குவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும்.

கோடு எங்கே கிழிப்பது என்பது எப்போதும் எளிதல்ல. ஸ்டார்நெட் என்னும் இலவசக் கருவி விண்மீன்களைப் பிரித்தெடுத்து நெபுலாவை மட்டும் தனியே காட்டும். விண்மீன் இருந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்பதை அது ஊகித்தே நிரப்புகிறது. நிறமும் அப்படித்தான். 1995-இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படைப்பின் தூண்கள் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுக்கப்பட்டன. கந்தகமும் ஹைட்ரஜனும் நம் கண்ணுக்கு இரண்டுமே சிவப்புதான். இது பொய்யா? இல்லை, உரை. நச்சினார்க்கினியர் சொற்களை எங்கிருந்தோ எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வார். ஆனால் மூலம் தனியாகவும் உரை தனியாகவும் நிற்பதால் நாம் அவரோடு சண்டை போட முடிகிறது. உரையை மூலத்தோடு கலக்காதவரை உரைகாரருக்கு உரிமை உண்டு. ஸ்டார்நெட்டை நான் விலக்கவில்லை. அதைக் கொண்டு செய்த படத்தில் அதன் பெயரையும் எழுதிவிடுகிறோம்.

அறிவியல் நாளன்று எங்கள் ஓரியனை அப்படியே வைத்தோம். ஒரு பக்கம் இருநூறில் ஒன்றான கருத்த மூலப்படம், நடுவில் அடுக்கிய படம், இன்னொரு பக்கம் செய்ததையெல்லாம் வரிசைப்படுத்தி மாணவி தன் கையால் எழுதிய தாள். கைபேசி நிலவின் முன்தான் கூட்டம் அதிகம். ஆனால் எங்கள் தாளை முழுவதும் படித்துவிட்டு, மூலப்படத்துக்கும் முடிந்த படத்துக்கும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களுள் மூவர் அடுத்த மாதம் எங்களோடு வயல்வரப்புக்கு வந்தார்கள்.

கேமரா இல்லாதவர்களும் இதில் இறங்கலாம். வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்தின் கேமரா அனுப்பிய மூலப்படங்களை நாசா 2016 முதல் பொதுவில் வைத்தது. நாம் பார்த்து வியந்த வியாழன் படங்களுள் பல, ஆர்வலர்கள் வீட்டிலிருந்து உருவாக்கியவை. கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படத்தகடுகளை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் எண்முறைக்கு மாற்றித் திறந்துவைத்திருக்கிறது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அந்த ஆய்வகத்தில்தான். அன்று தகடுகளைக் காத்தவர்கள், பின்னால் வருபவரிடம் தம்மைவிட நல்ல கருவி இருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். நாமும் அப்படி எண்ணிக்கொள்வது நல்லது. முடிந்த படத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம். மூலக்கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.